சமயத்தைப் பற்றி எழுதும்போது: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து சில அடிப்படைச் சொற்கள்

சமயம் சார்ந்த ஒரு செய்தியை எழுத உட்கார்ந்தால் எமக்குக் கைகொடுக்கும் சொற்கள் மிகக் குறைவு. மூடநம்பிக்கை, மதமாற்றம், அடிப்படைவாதம், மதக் கலப்பு, நல்லிணக்கம். பெரும்பாலும் இவ்வளவுதான். இவை ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பைத் தமக்குள் வைத்திருக்கின்றன. என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்பே, நடந்தது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுகின்றன.

நான் ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றேன். செய்தியில் ஒருவரின் இனத்தை எப்போது குறிப்பிடலாம், எப்போது தவிர்க்க வேண்டும் என்பது வரை படித்தோம். சமயத்தை விவரிப்பதற்கான சொற்கள் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. சுதந்திர ஊடகவியலாளராகப் புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்குப் போய்வரத் தொடங்கிய பின்னர்தான் அந்தச் சொற்களைத் தேடிப் படித்தேன். சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் துறைக்குச் சமயவியல் என்று பெயர். அத்துறையின் அடிப்படைக் கருத்துகள் சிலவற்றை இங்கே விளக்குகிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் அந்தக் கரையிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி புத்தளம் மாவட்டத்தில் 7 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். பௌத்தர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. கத்தோலிக்கர் ஏறத்தாழப் பத்தில் மூவர். முஸ்லிம்கள் ஐவரில் ஒருவர். இந்துக்கள் சிறு தொகையினர். சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரம், அதற்கு வடக்கே உடப்பு, களப்பின் ஓரத்தில் புத்தளம் நகரம், கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில. நான்கு சமயங்களும் ஒன்றன் வாசலில் ஒன்று நிற்கும் கரை இது. போரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வந்து சேர்ந்த கரையும் இதுதான்.

சமயக் கல்வி, சமய ஆய்வு

இலங்கைப் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தச் சமயத்தைப் படிக்கிறது. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சமயத்தைப் பற்றி ஒரு பாடமும் படிக்காமலே பாடசாலையை விட்டு வெளியேறலாம். இது சமயக் கல்வி. நம்பிக்கையை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது அதன் நோக்கம். அதில் தவறில்லை.

சமய ஆய்வு வேறு வேலை. எல்லாச் சமயங்களையும் ஒரே அளவுகோலால் பார்ப்பது, எது உண்மை என்று தீர்ப்பளிக்காமல் மனிதர் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று விவரிப்பது அதன் பணி. நவீனத் துறையாக இது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவானது. மக்ஸ் முல்லர் 1870இல் லண்டனில் ஆற்றிய உரைகளை அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கொள்வர். தன் சமயத்தை மட்டும் அறிந்தவர் அதையும் முழுமையாக அறியமாட்டார் என்பது அவரது நிலைப்பாடு.

சமயங்களை அருகருகே வைத்துக் கேட்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 27ஆவது காதையில், வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, பூதவாதி எனப் பலரிடம் சென்று அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்கிறாள். அது பௌத்தத்தை உயர்த்த எழுந்த காப்பியம். ஆகவே நடுநிலை ஆய்வு அல்ல. ஆனாலும் மற்றவர் கொள்கையை அவர் வாயாலேயே முதலில் சொல்லவிட வேண்டும் என்ற முறை அதில் இருக்கிறது. சமயவியலாளர் தீர்ப்பை ஒத்திவைத்தல் என்று இன்று அழைப்பதற்கு அது வெகு அருகில் நிற்கிறது.

மதம், சமயம், மார்க்கம், வேதம்

ஆங்கிலத்தில் ரிலிஜன் என்ற ஒரே சொல் செய்யும் வேலையைத் தமிழில் பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. மதம் என்ற வடசொல்லின் மூலப்பொருள் கருத்து, கொள்கை. யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு வேரிலிருந்து வந்தது. மேடைப் பேச்சாளர்கள்தான் இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். சமயம் என்பதற்கு உடன்பாடு, நெறி, தக்க வேளை என்ற பொருள்கள் உண்டு. முஸ்லிம்கள் மார்க்கம் என்பார்கள். வழி என்று பொருள். கிறிஸ்தவத்தை வேதம் என்றும் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றும் எம் ஊர்களில் முதியோர் இன்றும் சொல்வதுண்டு.

இவை ஒன்றுக்கொன்று சரிநேரான சொற்கள் அல்ல. கருத்து, நெறி, வழி, நூல் என்று ஒவ்வொன்றும் சமயத்தின் வெவ்வேறு பக்கத்தைப் பிடிக்கிறது. கனேடிய அறிஞர் வில்பிரட் கன்ட்வெல் ஸ்மித் 1962இல் வெளியிட்ட நூலொன்றில் இதே பிரச்சினையை எழுப்பினார். சமயம் என்பதை எல்லை போட்ட ஒரு பொருளாகப் பார்ப்பது நவீன ஐரோப்பியப் பழக்கம் என்றார். ஒருவரின் உள்நம்பிக்கையையும், தலைமுறைகள் சேர்த்துவைத்த மரபையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பது அவரது யோசனை.

உலக சமயங்கள் என்ற தொடரும் அப்படித்தான். ஐந்தோ ஆறோ பெரிய சமயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனர், ஒரு நூல், ஒரு வழிபாட்டிடம் என்று அட்டவணை போடும் முறை 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. தொமோகோ மசுசாவா என்ற ஆய்வாளர் 2005இல் அதன் வரலாற்றை விரிவாக எழுதினார். இந்த அட்டவணையில் ஐயனாருக்கு இடமில்லை. இறைநேசர் அடங்கிய ஜியாரத்தில் ஓதப்படும் பாத்திஹாவுக்கு இடமில்லை. அன்னம்மாளுக்கு வைக்கும் நேர்த்திக்கும் இடமில்லை. ஆனால் கரையோரத்து மனிதரின் நாளாந்தச் சமயம் பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கிறது. நூல் சொல்லும் சமயத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்ட, வாழப்படும் சமயம் என்ற சொல்லை ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர்.

ஏழு பரிமாணங்கள்

சமயத்துக்கு வரையறை தேடிக் களைத்தவர்களுக்கு நினியன் ஸ்மார்ட் வேறொரு பாதை காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படையில் சேர்ந்த இவருக்கு, இலங்கைப் பௌத்தத்தோடு நெருங்கிய பரிச்சயம் அந்தச் சேவையின்போதுதான் கிடைத்தது. பின்னர் 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயக் கற்கைகள் துறையைத் தொடக்கிவைத்தார். சமயம் என்றால் என்ன என்று கேட்பதை விட, அதற்கு எத்தனை முகங்கள் என்று கேட்போம் என்றார். சடங்கு, அனுபவம், கதை, கோட்பாடு, அறம், சமூக அமைப்பு, பொருள் என ஏழு பரிமாணங்களை வகுத்தார்.

உடப்பு திரௌபதையம்மன் கோயில் ஆடித் திருவிழாவை இந்த ஏழிலும் வைத்துப் பார்க்கலாம். பூக்குழியில் இறங்குவது சடங்கு. இறங்குபவரின் உடலும் மனமும் உணர்வது அனுபவம். மகாபாரதம் கதை, பாரதப் போரும் 18 நாள், விழாவும் 18 நாள். திரௌபதி தெய்வம், அவள் காப்பாள் என்பது கோட்பாடு. விரதமும் புலனடக்கமும் அறம். யாருக்கு என்ன பொறுப்பு என்று ஊர் வகுத்துவைத்திருப்பது சமூக அமைப்பு. கோயில், தேர், தீக்குழி, மஞ்சள் துணி ஆகியவை பொருள்.

இப்படிப் பிரிப்பதால் ஒரு நன்மை உண்டு. நெருப்பில் நடப்பது அறிவியலா மூடநம்பிக்கையா என்ற பட்டிமன்றம் ஏழில் ஒன்றைத்தான் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் இராமேஸ்வரக் கரையிலிருந்து வந்ததாகத் தம் மரபைச் சொல்லும் ஒரு மீனவ ஊர், சிங்களமும் கத்தோலிக்கமும் பெருகிய கரையில் தன் தமிழையும் கோயிலையும் எப்படிக் காத்துக்கொண்டது? கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல் எப்படி நிலைத்தது? இந்தக் கேள்விகளுக்கான விடை சமூக அமைப்பு என்ற பரிமாணத்தில் கிடக்கிறது. ஊரே சேர்ந்து எடுக்கும் விழா ஊரையும் சேர்த்து வைத்திருக்கிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் இதற்கு நெருக்கமானது. உலகைப் புனிதமானவை, சாதாரணமானவை என்று பிரிப்பதே சமயத்தின் அடிப்படை என்றார். புனிதமானவற்றைச் சுற்றி ஒன்றுகூடும்போது ஒரு சமூகம் தன்னையே உணர்கிறது என்றார். பொருளின் தன்மையால் அல்ல, மக்கள் அதை ஒதுக்கிவைக்கும் முறையால்தான் புனிதம் உருவாகிறது.

தொன்மம்

அன்றாடப் பேச்சில் கட்டுக்கதை என்றால் பொய். சமய ஆய்வில் தொன்மம் என்பது பொய் என்று பொருள்படாது. ஒரு சமூகம் தன் இடத்தையும் வழக்கத்தையும் விளக்கப் பயன்படுத்தும் கதை என்பதே பொருள். அது நடந்ததா என்பது தனிக் கேள்வி. அந்தக் கதை என்ன செய்கிறது என்பதே தொன்ம ஆய்வின் கேள்வி.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு இரண்டு தோற்றக் கதைகள் வழங்குகின்றன. ஒன்றில், வேலை தேடிக் கொழும்பு போய் வெறுங்கையோடு திரும்பிய ஓர் ஏழைப் போர்த்துக்கீசர் கரையோர மரமொன்றின் கீழ் உறங்குகிறார். ஒளி சூழ்ந்த அன்னம்மாளின் சொரூபத்தைக் கனவில் கண்டு விழிக்கிறார். மற்றதில், கப்பல் உடைந்து கரையேறிய வணிகர் ஒருவர் தன்னோடு கொண்டுவந்த சொரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, வணிகம் செழித்தால் கோயில் கட்டுவேன் என நேர்கிறார்.

முன்னேஸ்வரத்துத் தொன்மம் இராமனைப் பற்றியது. இராவணனைக் கொன்ற தோஷம் தீர இராமன் இங்கே சிவனை வழிபட்டதாகவும், அருகேயுள்ள மானாவரியில் மணலால் இலிங்கம் அமைத்ததாகவும் சொல்வர். மூன்று கதைகளையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை தெரியும். எல்லாவற்றிலும் கடல் கடந்து வந்த ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு துயரமோ கடனோ இருக்கிறது. அது இந்த மண்ணில் தீர்கிறது. கடலை நம்பி வாழும் மக்கள் இத்தகைய கதைகளைக் காத்துவருவதில் வியப்பில்லை.

தொன்மத்தைப் பொய் என்று ஒதுக்குவது ஒரு தவறு. அதை உறுதிப்பத்திரமாக எடுத்துக்கொண்டு காணிக்கு உரிமை கோருவது அதற்கு நேரெதிரான தவறு. தொல்லியலின் பெயரால் கோயில் காணிகள் சர்ச்சைக்குள்ளாகும் வடக்கு கிழக்கு வாசகர்களுக்கு இந்த இரண்டாவது தவறைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சடங்கும் யாத்திரையும்

ஆர்னல்ட் வான் ஜென்னப் 1909இல், வாழ்க்கைக் கட்டங்களைக் கடக்கும் சடங்குகள் எங்கும் மூன்று படிகளில் நடப்பதாகக் காட்டினார்: பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல். விக்டர் டேர்னர் அந்த இடைநிலையை எடுத்து விரித்தார். யாத்திரையில் மனிதர் தம் அன்றாட அந்தஸ்தைக் கழற்றி வைக்கிறார்கள், அதனால் அங்கே சமத்துவமான ஒரு நெருக்கம் பிறக்கிறது என்பது அவரது கருத்து.

தலவிலவில் மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடக்கும் திருநாள்களுக்கு வருபவர்கள் மரநிழலில் கூடாரம் அடித்துக் குடும்பமாகத் தங்குகிறார்கள். சமைப்பதும் உறங்குவதும் அங்கேதான். கத்தோலிக்கரோடு பௌத்தர்களும் இந்துக்களும் வருவார்கள். டேர்னர் சொன்ன நெருக்கத்தை அங்கு காண முடியும். ஆனால் யாத்திரைத் தலம் ஒரு போட்டிக் களமும்கூட என்று 1991இல் ஜோன் ஈட், மைக்கல் சல்னோ ஆகியோர் தொகுத்த நூல் வாதிட்டது. எந்த மொழியில் பூசை, யாருக்கு முன்னிடம், கடை போட யாருக்கு அனுமதி என்ற கேள்விகள் எந்தத் தலத்திலும் ஓய்வதில்லை. சிலாபத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் வீட்டில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, 20ஆம் நூற்றாண்டில் பாடசாலை மொழி மாறியபோது சிங்களம் பேசுவோராக மாறின. சமயம் மாறவில்லை, மொழி மாறியது, அதோடு இன அடையாளமும் மாறியது. இந்த மூன்றும் தனித்தனி இழைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கலப்பா, பன்மையா?

முன்னேஸ்வரம் ஒரு கோயில் அல்ல, ஒரு கோயில் தொகுதி. சிவன், பத்திரகாளி, ஐயனார், பிள்ளையார் கோயில்களோடு ஒரு பௌத்த விகாரையும் அங்கே உண்டு. 1578இல் போர்த்துக்கீசர் இடித்த சிவன் கோயில், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் 1753இல் புனரமைக்கப்பட்டது. மகோற்சவத்துக்கு வரும் அடியார்களில் பெரும் பகுதியினர் சிங்களவர்கள்.

இதை மதக் கலப்பு என்பது வழக்கம். சமயவியலில் கலப்புச் சமயம் என்ற சொல்லை இப்போது எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறார்கள். கலப்பு என்றால், கலப்பதற்கு முன் தூய்மையான இரண்டு இருந்தன என்றாகிறது. அப்படித் தூய்மையாக எந்தச் சமயமும் எப்போதும் இருந்ததில்லை. மானிடவியலாளர் ரொஹான் பஸ்டின் முன்னேஸ்வரம் பற்றி 2002இல் வெளியிட்ட நூலில், பன்மை வழிபாடு என்ற பொருள்தரும் சொல்லையே தலைப்பில் வைத்தார். சிங்களப் பௌத்தப் பெண் ஒருத்தி காளி முன் நிற்கும்போது அவள் இந்துவாகிவிடுவதில்லை. அவளுடைய உலகில் புத்தர் விடுதலைக்கு உரியவர், காளி இந்த உலகத்து வழக்குகளைத் தீர்ப்பவள். அதே காளி தமிழ்ப் பெண்ணுக்கு அம்மன். நிற்கும் இடம் ஒன்று, பொருள் இரண்டு.

இங்கே இன்னொரு அடிப்படைச் சொற்சோடி உதவும்: அகநோக்கு, புறநோக்கு. மக்கள் தம் செயலைத் தாமே எப்படி விளக்குகிறார்கள் என்பது அகநோக்கு. ஆய்வாளர் வெளியிலிருந்து எப்படி விளக்குகிறார் என்பது புறநோக்கு. இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்கக்கூடாது. சைவ சித்தாந்தம் பிற கொள்கைகளைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்தது வேறு நோக்கத்துக்காக: தன் கொள்கைக்கு யார் எவ்வளவு அருகில் என்று அளப்பதற்காக. அது இறையியல். அகநோக்கும் புறநோக்கும் அளவைகள் அல்ல, பார்க்கும் இடங்கள்.

பலியும் மூடநம்பிக்கையும்

முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் ஆடு, கோழி பலியிடும் வழக்கம் இருந்தது. 2011 செப்டெம்பரில் அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா கோயிலுக்கு வந்து, பலிக்கென வைத்திருந்த விலங்குகளை ஏற்றிச் சென்றார். பௌத்த பிக்குகளும் விலங்குநல அமைப்புகளும் பலியை எதிர்த்து வந்தனர். இந்துக்களிலும் பலர் எதிர்த்தனர். பிற்பாடு, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றமும் ஆலயங்களில் விலங்குப் பலியைத் தடை செய்தது.

பலி வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது இங்கே தேவையில்லை. எந்தச் சொல்லால் இந்த விவாதம் நடந்தது என்பதே கவனிக்க வேண்டியது. சிறுதெய்வ வழிபாடு, காட்டுமிராண்டித்தனம், மூடநம்பிக்கை என்ற சொற்கள் 19ஆம் நூற்றாண்டு மிஷனரிமார் எல்லா இந்துக்களையும் பார்த்துச் சொன்னவை. அவர்களுக்குப் பதிலளித்த ஆறுமுக நாவலர் ஆகம நெறியை உயர்த்தி, பலி கேட்கும் தெய்வ வழிபாட்டைக் கண்டித்தார். இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ், கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதிகள் மேல்நிலைச் சாதிகளின் வழக்கங்களை ஏற்று உயர முயல்வதைச் சமஸ்கிருதமயமாக்கம் என்று 1952இல் பெயரிட்டார். பலியிட்ட தெய்வம் சைவ உணவுக்கு மாறுவது அதன் பழகிய அடையாளங்களில் ஒன்று.

பௌத்தத்திலும் இதற்கு நிகரான மாற்றம் நடந்தது. அநகாரிக தர்மபாலவின் காலத்தில் உருவான, நூலையும் ஒழுக்கத்தையும் முன்னிறுத்தும் பௌத்தத்தைக் கணநாத் ஒபயசேகர 1970இல் புரட்டஸ்தாந்துப் பௌத்தம் என்று அழைத்தார். முஸ்லிம்களிடையே கந்தூரியும் ஜியார வழிபாடும் மார்க்கத்தில் இல்லாதவை என்று சொன்ன சீர்திருத்தக் குழுக்கள் எழுந்தன. ஒவ்வொரு சமூகமும் தன் ஏழைகளின் வழிபாட்டை மூடநம்பிக்கை என்று அழைக்கும் ஒரு கட்டத்தைக் கடந்திருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டவுடன், யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்பது பயன்தரும்.

முன்னேஸ்வரத்துக் காளியிடம் பலர் வருவது நீதி கேட்டு. திருடியவன், ஏமாற்றியவன், கொன்றவன் மீது முறையிட்டுத் தேங்காய் உடைத்துச் சபிப்பார்கள். ஒபயசேகர இதைப் பற்றியும் ஆராய்ந்தார். இந்த வழக்கம் முன்னேஸ்வரத்தோடு நிற்பதில்லை. 2010 ஜனவரியில் காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் துணைவி சந்தியா, 12 ஆண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்த பின் 2022 ஜனவரியில் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தன் தலைமுடியை மழித்து முறையிட்டார். வடக்கு கிழக்கில் தெருவோரத்தில் அமர்ந்து பிள்ளைகளைத் தேடும் தாய்மாரும் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று எழுதினால், நீதிமன்றம் எங்கே தவறியது என்ற கேள்வி செய்தியிலிருந்து மறைந்துவிடும்.

இனம், மதம்

இந்தக் கட்டுரையில் எமக்கு மிக நெருக்கமான பகுதி இது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் யார்? பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ரோயல் ஆசியக் கழகத்தில் வாசித்த கட்டுரையில், சோனகர்கள் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்றார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் பற்றிய கேள்வி அதன் பின்னால் இருந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதி, அராபிய வழித்தோன்றலை வலியுறுத்தினார். இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் சோனகர் இன்றும் ஒரு தனி இனம். முஸ்லிம் என்ற சமயப் பெயர் நடைமுறையில் இனப் பெயராக வழங்குகிறது. சமயமும் மரபினமும் ஒன்றையொன்று தாங்கும் இத்தகைய அடையாளத்தை இன-மத அடையாளம் என்பர். யூதர்களும் சீக்கியர்களும் வேறு உதாரணங்கள்.

ஆய்வு முறையில் இங்கே ஒரு விதி உண்டு: சுய அடையாளம். ஒரு சமூகம் தன்னை என்ன பெயரால் அழைக்கிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். நீ உண்மையில் இன்னார் என்று வெளியிலிருந்து சொல்வது விளக்கமாக இருக்கலாம், கட்டளையாக மாறக்கூடாது.

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் புத்தளத்துக்கு வந்து முகாம்களில் தங்கினர். மொழி ஒன்று, ஊர் ஒன்று, தெரு ஒன்று. பிரித்தது முஸ்லிம் என்ற பெயர் மட்டுமே. தமிழர் என்று சேர்த்துக்கொள்ளவும், தமிழர் அல்ல என்று விலக்கவும் மற்றவர்களே முடிவு செய்தார்கள் என்பதை 1888ஐயும் 1990ஐயும் அருகருகே வைத்தால் காணலாம்.

இதைப் பற்றி எழுதும்போது வினைச்சொல்லே ஒரு நிலைப்பாடு. முஸ்லிம்கள் சென்றார்கள் என்று எழுதலாம். வெளியேறினார்கள் என்று எழுதலாம். வெளியேற்றப்பட்டார்கள் என்று எழுதலாம். நடந்தது மூன்றாவது. இஸ்லாமிய வரலாறு தெரிந்தவருக்கு மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற முஹாஜிர்களும், அவர்களை ஏற்ற அன்சாரிகளும் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பழைய கதை புதிய துயரத்துக்கு ஒரு வடிவம் தருகிறது. அதே வேளை, புத்தளத்தில் காணிக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே எழுந்த உரசல்களை அந்த வடிவம் மறைத்துவிடவும் கூடும். தொன்மம் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

அடிப்படைவாதம்

இச்சொல்லின் ஊர் அமெரிக்கா. 1910 முதல் 1915 வரை அங்கு வெளியான புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவக் கட்டுரைத் தொகுதியின் தலைப்பிலிருந்து பிறந்தது. தம் சமயத்தின் அடிப்படைகளை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்றவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். இன்று அது பெரும்பாலும் மற்றவருக்குச் சூட்டும் பெயர். ஆய்வாளர்கள் மூன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: கண்டிப்பான சமயப் பற்று, சமயத்தை அரசியலாக்குதல், சமயத்தின் பெயரால் வன்முறை. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு நேர்ப்பாதை இல்லை. தாடி வைப்பதும் முகத்திரை அணிவதும் முதலாவதில் அடங்கும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் இந்த வேறுபாடு நாடு முழுவதும் அழிந்துபோனது. மே 12ஆம் திகதி சிலாபத்தில், முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு கருத்து மிரட்டலாகப் படிக்கப்பட்டது. அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருளில், ஒருவருடனான வாக்குவாதத்தில் அவர் எழுதியது அது. அது முழுச் சமூகத்துக்கும் விடுத்த எச்சரிக்கையாகப் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன, ஊரடங்கு பிறந்தது. அடுத்த நாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதைப் பற்றி எழுதினார் என்ற மூன்று கேள்விகளை யாரும் கேட்கவில்லை.

செய்தியைப் படிக்கும்போது

அரசு இந்தச் சொற்களிலிருந்து விலகி நிற்பதில்லை. அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆவது உறுப்புரை எவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, சமய சுதந்திரத்தை உறுதி செய்கிறது. இரண்டுக்கும் இடையில் எது சமயம், எது வழக்கம், எது குற்றம் என்று பெயரிடும் அதிகாரம் அமைச்சருக்கும் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறது. ஊடகத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சமயம் பற்றிய ஒரு செய்தியைப் படிக்கும்போதோ பகிரும்போதோ ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த மக்கள் தம் செயலைத் தாமே என்ன சொல்லால் அழைக்கிறார்கள்? செய்தியில் உள்ள சொல் யாருடையது? இங்கே பேசப்படுவது நம்பிக்கையா, இனமா, மொழியா, காணியா? ஒருவரின் செயல் எந்த இடத்தில் ஒரு சமூகத்தின் செயலாக மாற்றி எழுதப்பட்டது? இதே செயலை என் சமயத்தார் செய்திருந்தால் நான் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருப்பேன்?

ஐந்தாவது கேள்விதான் கடினமானது. சிலாபத்தில் அந்த மே மாதத்தில் கேட்கப்படாமல் போனதும், 1990இல் வடக்கில் நாம் போதிய சத்தமாகக் கேட்காததும் அதுவே.